ஹோய் போடாத கையெழுத்து

ஜூங் ஹோய் இறந்தபோது எங்கள் சங்கப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. “சீட்டு பிஸ்கட்டை இந்த நகருக்குத் தந்தவர்” என்று அதில் இருந்தது. பத்திரிகையை அடித்தது என் அச்சகம். செயலாளர் எழுதிக் கொடுத்ததை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. எழுத்துக் கோத்து அடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த வரி உண்மை இல்லை. ஹோய் அதைப் படித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இது உராபே செஞ்சது. நான் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்” என்று சொல்லியிருப்பார்.

பார்த்துக்கொண்டதில் என்ன நடந்தது என்பது என்னோடு சேர்த்து மூன்று பேருக்குத் தெரியும். ஹோயும் உராபேயும் போய்விட்டார்கள். உராபேயின் மனைவி கிகுயோவும் சென்ற இலையுதிர்காலத்தில் காலமானார். அவர் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை காலம் பேசாமல் இருந்தோம். இனி எழுதலாம்.

ஹோய் என்பது அவர் பெயரே இல்லை. சைனாடவுனில் பாதிப் பேருக்கு அப்படித்தான். சீனர்களான எங்களை இந்த நாட்டுக்குள் விடக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. இங்கே குடியுரிமை உள்ள ஒருவரின் மகன் என்று காகிதம் இருந்தால் விடுவார்கள். எனவே காகிதத்தில் மகனானோம். மோக் சிக் காய் என்று பிறந்தவர் பதினெட்டாம் வயதில் ஜூங் ஹோய் ஆனார். கப்பலில் வந்த இருபத்து மூன்று நாளும், தான் காலே வைத்திராத ஒரு வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எந்தக் காது மந்தம் என்று மனப்பாடம் செய்தார்.

வளைகுடாவில் இருக்கும் தீவில் அடைத்து வைத்துக் கேள்வி கேட்டார்கள். “உங்க வீட்டுக் கிணறு வாசலுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டதற்குக் கிழக்கு என்றார். அதே தகப்பன் பெயரில் முன்பே வந்த காகித அண்ணன் ஏற்கெனவே மேற்கு என்று சொல்லியிருந்தார். அந்தக் கிணற்றுக்காக மேலும் பதினோரு நாள் அடைப்பு. கடைசியில் எப்படியோ விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அரசாங்க முத்திரை வைத்த உறை எதைப் பார்த்தாலும் ஹோய் முதலில் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்சுயி கடையில், அதாவது வெள்ளைக்காரருக்குச் சீனச் சாப்பாடு போடும் கடையில், அவர் அடுப்பு வேலை பார்த்தார். முதலாளி ஜப்பான்காரர். அப்போது நகரத்துச் சாப்சுயி கடைகளில் பல ஜப்பானியர் நடத்தியவைதான். சீனாவில் எங்கள் ஊர்ப் பக்கம் ஜப்பான் ராணுவம் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, “அவன் அரிசியைத் தின்னுட்டு அவன் குண்டுக்கு அழறியா?” என்று சங்கத்தில் அவரைக் குத்திக் காட்டுவார்கள். ஹோய் அந்த வாரமே ஊர் நிவாரண உண்டியலில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்.

அந்தக் கடைக்கு வாரம் மூன்று நாள் தகர டப்பாவில், உள்ளே அதிர்ஷ்ட வாசகச் சீட்டு வைத்து மடித்த பிஸ்கட் கொண்டுவருபவர்தான் செய்ஜி உராபே. குட்டையானவர், சத்தமாகச் சிரிப்பவர், ஹோயின் வயது. புகானன் தெருவில் வீட்டின் பின்கட்டில் அவருக்கு பேக்கரி இருந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்த பொது மொழி சமையல்கட்டு ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டே ஒருவரையொருவர் விடாமல் வம்புக்கு இழுப்பார்கள்.

“யோவ் பிஸ்கட், இன்னிக்கும் உடைசலா?”

“உடைஞ்சா என்ன, உள்ள இருக்கற சீட்டு உடையலையே. உன் நூடுல்ஸ் மாதிரி கொழகொழன்னா இருக்கு?”

ஒருநாள் சாப்பிட வந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் சமையல்கட்டு வாசல்வரை வந்துவிட்டார். கையில் சீட்டு. இது எந்தச் சீனச் சக்கரவர்த்தி காலத்து வழக்கம் என்று ஹோயைக் கேட்டார்.

“எங்க ஊர்ல யாரும் காகிதம் திங்கமாட்டாங்கம்மா” என்றார் ஹோய்.

உராபே டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “அவன் அடக்கமா பேசறான், ரெண்டாயிரம் வருஷத்து வழக்கம்” என்றார். அந்த அம்மாள் மகிழ்ச்சியோடு போனார். இருவரும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

உண்மையில் அது உராபேயின் அப்பா கொண்டுவந்தது. கியோட்டோ பக்கம் ஒரு கோயிலுக்குப் போகும் வழியில் அவர்கள் கடை இருந்தது. அங்கே எள்ளும் மிசோ என்ற சோயா விழுதும் சேர்த்த, கறுத்த, பெரிய அப்பளம் மாதிரியான பண்டம். சீட்டை வெளி மடிப்பில் செருகி வைப்பார்கள். இங்கே வந்ததும் அதைச் சிறிதாக்கி, இனிப்பாக்கி, சீட்டை உள்ளே தள்ளினார். “அங்க கெட்ட சீட்டும் வரும்யா” என்று உராபே சொல்வார். “பயந்துக்கிட்டேதான் பிரிப்பான். கெட்டது வந்தா கோயில் மரத்துக் கிளையில கட்டிட்டுப் போயிடுவான். இங்க கட்டறதுக்கு மரம் ஏது? அதான் நல்லதை மட்டும் எழுதறோம்.”

லீவு நாளில் ஹோய் புகானன் தெருவுக்குப் போவார். நீண்ட கைப்பிடி உள்ள இரும்பு அச்சுகள் பதினான்கு அங்கே இருந்தன. இரண்டு வட்டத் தகடு ஒன்றன்மேல் ஒன்று மூடும். நடுவில் ஒரு கரண்டி மாவு. தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டு, திறந்து, சூட்டோடு உரித்து, சீட்டை வைத்து, பாதியாக மடித்து, கம்பி விளிம்பில் வைத்து வளைக்க வேண்டும். ஏழு எண்ணுவதற்குள் முடிக்காவிட்டால் ஓடு மாதிரி விறைத்துவிடும். கிகுயோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே மடிப்பார். ஹோய் மூன்றாவது முறையே சரியாக மடித்துவிட்டார். “நூடுல்ஸ் கை இல்ல, நல்ல கை” என்றார் கிகுயோ. ஹோய் கைப்பட மடித்தவற்றையும் அன்று டப்பாவில் போட்டு அனுப்பினார்கள்.

இந்த நாட்டுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் விளக்குக் கம்பங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜப்பானிய வம்சத்தார் எல்லோரும் ஆறு நாளில் கிளம்ப வேண்டும். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம். உராபே நான்கு அரிசி மூட்டைச் சாக்கில் அச்சுகளைக் கட்டி, தள்ளுவண்டியில் வைத்து ஹோயின் அறைக்கு வந்தார். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் ‘நான் சீனன்’ என்று பொறித்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தோம். இல்லாவிட்டால் ஜப்பான்காரன் என்று நினைத்து அடிப்பார்கள். உராபே அந்த வில்லையை விரலால் தொட்டார்.

“அழகா இருக்கே. எனக்கொண்ணு கிடைக்குமா?”

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

“எத்தனை நாளைக்கு?” என்று ஹோய் கேட்டார்.

“யாருக்குத் தெரியும். சும்மா வைக்காதே, துரு ஏறும். எண்ணெய் காட்டு. முடிஞ்சா சுடு. இரும்பு சூடு படாம கிடந்தா கெட்டுப்போயிடும்.”

“சரி.”

“மாவைக் கெட்டியா கரைக்காதே. உன் புத்தி நூடுல்ஸ் புத்தி.”

அவர்களை முதலில் குதிரைப் பந்தய மைதானத்து லாயங்களில் வைத்தார்கள். பிறகு யூட்டா பாலைவனத்து முகாமுக்கு அனுப்பினார்கள். சாப்சுயி கடைக்காரரும் போனார். கடை மூடியது. வேலை இல்லாத ஹோய், சந்துக்குள் ஒரு சலவைக்கடையின் பின்புறத்தைப் பிடித்து, உராபே சொன்னபடி அச்சுகளைத் தீயில் வைத்தார்.

போர்க்காலம். கப்பலேறப் போகிற சிப்பாய்கள் சைனாடவுனில் நிறைந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிஸ்கட் எங்கே என்று கேட்டார்கள். செய்பவர்களெல்லாம் பாலைவனத்தில் இருந்தார்கள். ஆகவே ஹோயிடம் வந்தார்கள். சீட்டு அடிக்க ஹோய் என்னிடம் வந்தார். அப்போதுதான் எனக்கு அவரோடு பழக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஆங்கிலம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. வாசகங்களையும் நானே எழுதினேன். நோய் கூடாது, சாவு கூடாது, தேதி கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. முதல் மாதமே இன்னொன்று சேர்ந்தது. ‘நீண்ட பயணம் காத்திருக்கிறது’ என்ற சீட்டை ஒரு சிப்பாய் பிரித்துப் படித்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். எங்களிடம் பிஸ்கட் வாங்கிய உணவகத்து அம்மாள் எங்களைத் தேடி வந்து கத்தினார்: “பயணத்தைப் பத்தி இனி ஒரு வார்த்தை இருந்துது, உங்க ரெண்டு பேரையும் கப்பல் ஏத்திடுவேன்!” அன்றிலிருந்து போர் முடியும்வரை பயணமே போடவில்லை. ‘உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதுதான் அதிகம் போயிற்று. அந்தச் சீட்டைப் பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெயர் இல்லை, அனுப்பியவர் இல்லை. அந்த வரி தனக்குத்தான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

அச்சுத் தகடுகளின் நடுவில் உராபே குடும்பத்து அடையாளம் வெட்டியிருந்தது, வட்டத்துக்குள் மூன்று நாணல். சுட்ட பிஸ்கட்டிலும் அது விழும். அதே உணவக அம்மாள்தான் அதையும் கண்டுபிடித்தார். “ஜப்பான் முத்திரை குத்தின பிஸ்கட்டைப் போட்டா என் கடைக் கண்ணாடியை உடைச்சிருவாங்கய்யா.” ஹோய் அரம் வாங்கிவந்து, ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து பதினான்கையும் தேய்த்தார். தேய்த்த இடம் சொரசொரப்பாகிவிட்டது. மாவு அங்கே ஒட்டும். அதனால் எங்கள் பிஸ்கட் ஒவ்வொன்றிலும் முதுகில் ஒரு பழுப்புத் திட்டு இருந்தது. திரும்பி வந்தால் உராபேயிடம் என்ன சொல்வது என்பதுதான் அப்போது ஹோயின் பெரிய கவலை. அதைவிடப் பெரியது வரப்போகிறது என்று தெரியாது.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரலில், மத்தியான நேரம், ஹோய் என் அச்சகத்துக்கு வந்தார். மூடிய சாப்சுயி கடை முகவரிக்கு வந்த ஓர் உறையைத் தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முத்திரை இருந்தது. ஹோய் அதைப் பிரிக்கவில்லை. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் பிரித்துப் படித்தேன். அச்சடித்த ஒற்றைத் தாள். செய்ஜி உராபே என்பவர் முகாமை விட்டு வெளியேறி உள்நாட்டில் வேலைக்குப் போக மனுச் செய்திருக்கிறார், உங்களைத் தன்னை அறிந்தவராகக் குறிப்பிட்டிருக்கிறார். எத்தனை ஆண்டாகத் தெரியும், நம்பத்தக்கவரா, எழுதவும். அதன் கீழே, பதில் எழுதுபவரின் பெயர், பிறந்த ஊர், எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தார், சான்றிதழ் எண். கையெழுத்து.

“அவனைப் பத்திக் கேக்கறாங்க, சரி. என் கப்பல் எதுக்குத் தம்பி?”

“எல்லாருக்கும் ஒரே படிவமா இருக்கும் மாமா.”

“கப்பலை எழுதினா அந்தத் தீவு ஆபீஸ்ல என் ஃபைலைப் பிரிப்பாங்களா?”

“பிரிக்கலாம். பிரிக்காமலும் இருக்கலாம்.”

“கிணறு கிழக்கா மேற்கா?”

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் மட்டும் அல்ல, காகித அண்ணன், அந்த அண்ணனின் பெயரில் வந்த இரண்டு பேர், எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள். ஒருவர் சிக்கினால் அத்தனை பேரும் கப்பலேற வேண்டியதுதான். நானும் அப்படி வந்தவன்தான். அன்றைக்கு நான் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

“கொஞ்ச நாள் போகட்டும் மாமா. அவசரம்னா இன்னொரு கடுதாசி போடுவாங்க. அப்ப பாத்துக்கலாம்.”

அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி! தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ‘உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்’ அன்று மாலைக்குள் நாலாயிரம் வேண்டும் என்று வாசலில் நின்று நினைவுபடுத்தவும் மறக்கவில்லை.

இன்னொரு கடிதம் வரவில்லை.

நாற்பத்தைந்து அக்டோபரில் ஒரு காலை, சீட்டுக் கட்டுகளைக் கொடுக்க நான் ஹோயின் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. சட்டைக் கழுத்தில் இரண்டு விரல் நுழையும்.

“மாவு கெட்டியா இருக்கே, நூடுல்ஸ்” என்றார்.

ஹோய் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நின்றார்கள். உராபே உள்ளே வந்து ஓர் அச்சை எடுத்துத் திறந்து பார்த்தார். தேய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“அடப்பாவி, என் மூக்கை அறுத்திட்டியே!”

“வேற வழி இல்லைய்யா. எல்லாம் எடுத்துட்டுப் போ. பதினாலும் இருக்கு. எண்ணெய் காட்டித்தான் வச்சிருக்கேன்.”

“எங்க வச்சுச் சுடறது? கோயில் ஹால்ல போர்வையைத் தொங்கவிட்டு அதுக்குள்ள படுத்திருக்கோம். ஜப்பான்காரன் கைப் பிஸ்கட்டை இப்ப எவன் வாங்குவான்? நீ வச்சுக்கோ. நல்லாத்தான் சுடறே.” ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். பிறகு, எதையோ கேட்க வெட்கப்படுகிறவர் மாதிரி சொன்னார்: “ஒண்ணு கேக்கணும். முகாம் ஆபீஸ்லேர்ந்து உனக்கு ஒரு கடுதாசி போட்டாங்களாம். வந்துச்சா?”

நான் சீட்டுக் கட்டின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

“வரலையே” என்றார் ஹோய்.

உராபே கையைத் தட்டினார். “நான் சொன்னேன்! கிகுயோகிட்ட நான் சொன்னேன்! பழைய கடை விலாசம்தான் எனக்குத் தெரியும், அதைக் கொடுத்தேன், அது எங்க போய்ச் சேரும்? ஹோய் கைக்குப் போயிருந்தா மறுநாளே பதில் வந்திருக்கும்னு சொன்னேன். அவளும் அதையேதான் சொன்னா.”

கதை அப்போதுதான் வெளியே வந்தது. சிகாகோவில் ஒரு ஓட்டல் ரொட்டிப் பிரிவில் வேலை காத்திருந்தது. வெளியே இருந்து இரண்டு பேர் சொன்னால் போதும். ஒரு தேயிலை வியாபாரி எழுதிவிட்டார். இரண்டாமவர் ஹோய். மூன்று மாதம் காத்திருந்தார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. மேலும் இரண்டு குளிர்காலம் முகாமிலேயே கழிந்தது. பலகைச் சுவரின் இடுக்கு வழியாகப் புழுதி மாவு மாதிரி உள்ளே கொட்டும். கிகுயோவுக்கு நெஞ்சு கெட்டுப்போனது அங்கேதான்.

“ஏன் மறுபடி எழுதலை நீ?” என்று ஹோய் கேட்டார்.

“ரெண்டாந்தரம் கேட்டா, செய்யாதவனைக் கேக்கற மாதிரி ஆயிடும் இல்ல? உன்னை அப்படிக் கேக்கலாமா?”

அதன் பிறகு உராபே தோட்டக்காரரானார். மேட்டுத் தெருப் பணக்கார வீடுகளில் வேலி கத்தரித்தார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கிகுயோ இடித்துப் பிடித்த அரிசிப் பலகாரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு வருவார். யாரைப் பார்த்தாலும் சொல்வார்: “எங்க ஆளுங்க வச்சுட்டுப் போன சாமானை எல்லாம் அக்கம்பக்கத்துல வித்துத் தின்னுட்டாங்க. என் சாமானுக்கு எண்ணெய் காட்டி வச்சிருந்தவன் இவன் ஒருத்தன்தான்.” ஹோய் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள்.

ஹோய் கிகுயோவுக்கு மருந்துக் கஞ்சிச் சாமான் அனுப்பினால், மறுவாரமே அதற்கு இரண்டு மடங்கு காய்கறி திரும்பி வரும். அந்தக் குடும்பத்துக்கு எதைச் செய்தும் அவரால் ஈடு செய்ய முடியவில்லை. செய்யச் செய்ய அவருடைய நல்ல பெயர்தான் வளர்ந்தது. ஒரு பத்திரிகைக்காரர் பிஸ்கட்டைப் பற்றி எழுத வந்தபோது, “இது என்னுது இல்லை, உராபேங்கற ஜப்பான்காரரோடது” என்று ஹோய் மூன்று முறை சொன்னார். அவர் எழுதிக்கொள்ளவில்லை. ‘பண்டைய சீனத்தின் ஞானம்’ என்று தலைப்புப் போட்டார்.

“தம்பி, சொல்லிடட்டுமா?” என்று அவ்வப்போது என்னிடம் கேட்பார். அடுத்த மூச்சிலேயே, “சொன்னா அது எப்படியாவது ஆபீஸ் காதுக்குப் போயிடுமோ?” என்பார். உராபே போய்ச் சொல்லமாட்டார் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பயம் ஒரு சாக்காக இருந்தது.

ஐம்பத்தொன்பதில் அந்தச் சாக்கும் போயிற்று. காகிதத்தில் வந்தவர்கள் உண்மையைச் சொன்னால் தங்க விடுகிறோம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஹோயின் காகித அண்ணன் முந்திக்கொண்டு போய் எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டார். ஹோயைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் போய் வந்தார். கிணற்றைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று நான் விசாரித்தேன்.

“நானே சொன்னேன். எங்க ஊர்ல கிணறே கிடையாது, குளம்தான்னு. எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டான், தம்பி. நிமிர்ந்துகூடப் பாக்கலை.”

இத்தனை ஆண்டுப் பயத்துக்கு அவ்வளவுதான். அவர் மறுபடி மோக் சிக் காய் ஆனார். ஊர் தொடர்ந்து ஹோய் என்றே கூப்பிட்டது.

அடுத்த வாரம் என்னிடம் வந்து, “இனிமே பயமில்லை. சொல்லிடலாம்தானே?” என்றார். “சொல்லுங்க மாமா” என்றேன். அவருக்கு நான் சொன்ன இரண்டாவது யோசனை அது. அதுவும் சரியில்லை என்று பின்னால் தோன்றியது. கடிதத்தைப் படித்தவன் என்பதால் நானும் கூடப் போனேன்.

உராபே ஒரு மேட்டுத் தெரு வீட்டில் ஏணிமேல் நின்று வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“என்னய்யா, கடையை இழுத்து மூடிட்டீங்களா? ரெண்டு பேரும் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு?”

“கீழ இறங்கு” என்றார் ஹோய்.

இறங்கினார்.

“அந்தக் கடுதாசி வந்துச்சு.”

“எந்தக் கடுதாசி?”

கேட்கும்போதே உராபேக்குப் புரிந்துவிட்டது. உராபே கையுறைகளைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக.

“எப்ப?”

“நாப்பத்து மூணு, ஏப்ரல்.”

“படிச்சியா?”

“இவன் படிச்சுச் சொன்னான்.”

“என்ன கேட்டிருந்தாங்க?”

“உன்னைத் தெரியுமான்னு. அப்புறம் என் பேரு, ஊரு, நான் வந்த கப்பல்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். என் பேரு என் பேரு இல்லைய்யா. நான் காகிதத்துல…”

“உன் பேரு ஹோய் இல்லைன்னு எனக்கு முப்பத்தஞ்சுலயே தெரியும்” என்றார் உராபே. “அந்தச் சமையல்கட்டுல பாத்திரம் கழுவறவன் வரைக்கும் தெரியும். பயந்துட்டேன்னு திரும்பி வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூணாம் நாள் உன் கடைக்கு வந்து மாவு கெட்டின்னு சொல்லியிருப்பேன்.”

“தப்புதான்.”

“பதினாலு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். இப்ப எதுக்குச் சொன்னே?”

“மனசு கேக்கலை.”

“உன் மனசு” என்றார் உராபே. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். “வேலை கிடக்கு. போயிட்டு வாங்க.”

நாங்கள் தெருமுனைக்கு வரும்வரை கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹோய் அழவில்லை. “சொல்லாம இருந்திருக்கணுமோ?” என்று மட்டும் கேட்டார். முகாமிலிருந்து உராபே முழுசாக எடுத்துவந்தது, வெளியே ஒருவன் இருக்கிறான் என்ற அந்த நம்பிக்கை ஒன்றைத்தான். அதையும் நாங்கள் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்தப் புத்தாண்டுக்குப் பலகாரம் வரவில்லை. ஹோயே ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனார். கிகுயோ மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து, “அவர் வெளிய போயிருக்காரே அண்ணே” என்றார். உராபேயின் மண் ஒட்டிய பூட்ஸ் வாசலிலேயே இருந்தது. ஹோய் அதன்பின் போகவில்லை.

அறுபத்து மூன்று மார்ச்சில் உராபே இறந்தார். புத்தர் கோயிலில் சடங்கு. நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம். தணலில் ஊதுவத்தித் தூள் போட்டுவிட்டுத் திரும்பும்போது கிகுயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஹோயின் சட்டைக் கையைப் பிடித்தார்.

“மூணு வருஷமா எட்டியே பாக்கலையே அண்ணே. கேட்டா, எனக்கு முதுகுவலி, அவனுக்குக் கடையில வேலைன்னு சொல்லுவார். உங்களுக்குள்ள ஏதும் மனஸ்தாபமா?”

ஹோய் கூட்டத்துக்கு வழிவிட்டு அவரைச் சுவரோரம் அழைத்துப்போனார்.

“இருக்காதுன்னு எனக்குத் தெரியும்” என்றார் கிகுயோ. இருமல் வந்து நின்றது. “ஆஸ்பத்திரியில நான் இருமறதைப் பாத்துட்டுச் சொன்னார். அந்தக் கடுதாசி மட்டும் ஹோய் கைக்குப் போயிருந்தா, மறுநாளே பதில் போட்டிருப்பான், நீயும் இப்படி இருமிக்கிட்டிருக்க மாட்டேன்னு.”

“எப்பம்மா சொன்னார்?” என்று நான் கேட்டேன்.

“போன மாசம்தான்.”

ஹோய் என்னைப் பார்க்கவில்லை. உராபே எல்லாம் தெரிந்த பிறகும், சாகக் கிடந்தபோதும், மனைவியிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். அதை ஹோய்க்காகச் சொல்லவில்லை. அவளுக்கு இருந்த அந்த ஒரு நம்பிக்கையையாவது விட்டுவைப்போம் என்று சொல்லியிருக்கிறார். இனி ஹோய் உண்மையைச் சொன்னால் உராபேயைப் பொய்யராக்க வேண்டும்.

“மனஸ்தாபம் ஒண்ணுமில்லை தங்கச்சி” என்றார் ஹோய். “கடையில வேலைதான்.”

அடுத்த ஞாயிறு முதல் அவர் கிகுயோவின் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். கிகுயோவால் படி ஏற முடியாதென்று காய்கறி, அரிசி எல்லாம் வாங்கி மாடிக்குக் கொண்டுபோய் வைப்பார். கிகுயோ தேநீர் ஊற்றிக்கொண்டே ஆரம்பிப்பார்: பாலைவனம், புழுதி, சிகாகோ வேலை, வந்து சேராத கடிதம், ஹோய் மேல் கணவர் வைத்திருந்த நம்பிக்கை. ஒருமுறைகூட ஹோய் பேச்சை மாற்றவில்லை. பாதியில் எழுந்திருக்கவும் இல்லை. ஒன்பது ஆண்டு, தான் சாவதற்கு முந்தின ஞாயிறுவரை, அவர் எதிரே உட்கார்ந்து அதை முழுவதும் கேட்டார்.

“நீங்க எழுதியிருப்பீங்கதானே அண்ணே?” என்று கடைசியில் கிகுயோ கேட்பார்.

“மறுநாளே தங்கச்சி” என்பார் ஹோய்.